கடையும் வேண்டும், வீடும் வேண்டும், காற்றும் வேண்டும்!

(வணிகர்களும் இளைஞர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

பழைய கடைத்தெருவை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்றாலே வணிகர் வயிற்றில் புளி கரைகிறது. அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் இடிக்காமல் விட்டால் என்ன ஆகும்? தென் மும்பையின் பெண்டி பஜாரைப் பாருங்கள்.

பதினாறரை ஏக்கர் நிலம். ஏறத்தாழ 250 கட்டடங்கள். கீழே கடை, மேலே குடித்தனம். சுமார் 3,200 குடும்பங்கள், 1,250 கடைகள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் பல்லாண்டுகள் வாடகை உயரவில்லை. ஆகவே உரிமையாளர்கள் பழுது பார்க்கவில்லை. 2017 ஆகஸ்ட் 31 அன்று காலை, பாக்மோடியா தெருவின் ஹுஸைனி கட்டடம் சரிந்தது. 33 உயிர்கள் பறிபோயின! அது 2011-லேயே ஆபத்தானது என்று அறிவிக்கப்பட்ட கட்டடம். புனரமைப்புத் திட்டத்திலும் சேர்ந்திருந்த கட்டடம். தாமதத்திற்குக் கொடுத்த விலை அது.

அந்தத் திட்டம் என்ன? போரா சமூகத்தின் தலைவர் செய்யிதினா முஹம்மது புர்ஹானுத்தீன் அவர்கள் 2009-இல் தொடங்கிய அறக்கட்டளையின் திட்டம். கட்டடம் கட்டடமாக இடித்தால் சந்து சந்தாகவே இருக்கும். எல்லா மனைகளையும் ஒன்றாகச் சேர்த்து உயரமாகக் கட்டினால், தரையில் இடம் மிஞ்சும். அங்கே அகன்ற சாலை, மரம், வாகனம் நிறுத்துமிடம். வாடகைக்கு இருந்தவர்களுக்குச் சொந்த வீடும் கடையும். கூடுதல் வீடுகளை விற்றுச் செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டுவது. முதற்கட்டக் கோபுரங்களில் குடும்பங்கள் குடியேறிவிட்டன.

அதே மும்பையில் மற்றொரு பாடமும் உண்டு. மூடிய பஞ்சாலை நிலங்களில் மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கு, ஒரு பங்கு ஏழை நடுத்தர மக்களின் வீட்டுக்கு என்று 1991-இல் விதி வந்தது. 2001-இல் அதைத் திருத்தி, கட்டடமில்லாத காலி நிலத்துக்கு மட்டுமே அந்தப் பங்கீடு என்றாக்கினார்கள். 2006-இல் உச்சநீதிமன்றமும் திருத்தத்தை ஏற்றது. விளைவு? பூங்காவும் எளியோர் வீடும் வரவேண்டிய இடங்களில் வணிக வளாகங்களும் கண்ணாடிக் கோபுரங்களும் எழுந்தன. விதியில் ஒரு வரி மாறினால் ஊரின் மூச்சே நின்றுவிடும்!

எனவே சகோதரர்களே, உங்கள் கடைத்தெருவுக்கு யாராவது வரைபடத்தோடு வந்தால், விரட்டவும் வேண்டாம். உடனே கையெழுத்திடவும் வேண்டாம். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வேலை முடியும்வரை நான் எங்கே வணிகம் செய்வேன்? திரும்பி வரும்போது தரைத்தளத்தில் எனக்கு எத்தனை சதுர அடி? திறந்தவெளி யார் பெயரில் எழுதப்படும்? மூன்றுக்கும் விடையைப் பதிவுசெய்த பத்திரத்தில் வாங்குங்கள்.

தனித்தனியாகக் கேட்டால் நாம் வாடகைதாரர்கள். சங்கமாகக் கேட்டால் பங்காளிகள். சிந்திப்போம், செயல்படுவோம்!