ஐவருடன் தொடங்கிய தொழில்

போரில் அவயவம் இழந்தவருக்கு உபகாரச் சம்பளம் வழங்கினால் கடமை தீர்ந்தது என்று எண்ணுவோர் பலர். மேஜர் ஜோர்ஜ் ஹவுசன் அவ்வாறு எண்ணினாரல்லர். முதலாம் உலகப் போரிலே பொருத அவர், 1922இல் இலண்டன் பழைய கென்ற் வீதியில், அங்கவீனமுற்ற முன்னாள் வீரர் ஐவரைக்கொண்டு செயற்கைப் பொப்பி மலர் செய்யும் தொழிற்சாலையைத் தொடங்கினார். அது பெருவெற்றி பெறும் என்ற நம்பிக்கை அவருக்கே இருக்கவில்லை. ஆயினும், கை வழங்காதவரும் எளிதிற் பொருத்தத்தக்கதாக அம்மலர் வகுக்கப்பட்டிருந்தது. வேலைக்கேற்ற ஆளைத் தேடுவது உலக வழக்கு. அங்கே ஆளுக்கேற்ப வேலை அமைந்தது. பின்னர் ரிச்மண்டுக்கு மாறிய அத்தொழிற்சாலையின் அயலிலே தொழிலாளருக்கு வீடுகளும் எழுந்தன.

இலங்கையிலும் நவம்பர் 11ஆம் நாளில் பொப்பி விற்கப்பட்டது. திரண்ட பணத்திற் பெரும்பகுதி பிரித்தானியாவுக்கே சென்றது. உள்ளூர் வீரருக்குக் கிடைத்ததோ சொற்பம். இதனைக் கண்டித்து 1930களின் தொடக்கத்தில் எழுந்ததே சூரியமல் இயக்கம். சூரியமல் என்பது நம் வேலிகளிற் பூக்கும் பூவரசம்பூவே. அவர்களுடைய கோபம் நியாயமானது.

2009இல் முடிந்த போர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அவயவம் இழந்தோர் பலரை விட்டுச் சென்றது. யாழ்ப்பாணத்தில் 1987 முதல் ஜெய்ப்பூர்ச் செயற்கைக் கால் செய்து பொருத்தப்படுகிறது. கால் கிடைத்தவர் காலையில் நடந்து செல்வதற்கு ஒரு வேலைத்தலமும் வேண்டுமல்லவா?

மானிப்பாயில் ஒருவர் தையற்சாலை தொடங்குவாராயின், முதலில் வாயிற்படியையும் மேசையின் உயரத்தையும் நோக்கவேண்டும். துணி வெட்டுதலும் பொத்தான் தைத்தலும் இருந்தபடியே செய்யும் வேலைகள். மிதித்தோட்டும் தையல் இயந்திரத்துக்கு மின்மோட்டார் பூட்டுவதும் பெருஞ்செலவன்று.