பெயர் கேட்ட மடல்கள்



செம்புலப்பெயல்நீரார் என்பது பெற்றோர் இட்ட பெயரன்று. இயற்பெயர் கிடைக்காமையால் பாட்டின் தொடரே புலவருக்குப் பெயராயிற்று. அமெரிக்கத் திரையுலகின் தொடக்கத்திலும் ஒரு நடிகைக்கு இது நேர்ந்தது. ஆனால் அங்கே பெயர் மறக்கப்படவில்லை, மறைக்கப்பட்டது.

கனடாவின் ஹாமில்டன் நகரில் 1886இல் பிறந்த புளோரன்ஸ் லாரன்ஸ், நாடக நடிகையான தாயுடன் குழந்தைப் பருவத்திலேயே மேடை கண்டவர். 1908இல் பயோகிராப் நிறுவனத்தில் சேர்ந்து, டி. டபிள்யூ. கிரிஃபித்தின் இயக்கத்தில் குறும்படங்கள் பலவற்றில் நடித்தார். ஒரே சுருளில் முடியும் ஊமைப்படங்கள் அவை. அவற்றில் நடிப்போரின் பெயரை நிறுவனம் வெளியிடுவதில்லை. பெயர் பரவினால் ஊதியம் ஏறிவிடும் என்னும் அச்சம்! முகத்தை விரும்பிய மக்களோ பெயர் கேட்டு மடல்கள் எழுதினர். விடை வராமையால் 'பயோகிராப் பெண்' என்றே அழைத்தனர். அவர் விலகியபின் அப்பட்டம் மேரி பிக்போர்டுக்குப் போயிற்று. ஆளுக்கு உரியதன்று, இருக்கைக்கு உரியது போலும்.

கார்ல் லெம்லி அவரைத் தம் ஐ.எம்.பி. நிறுவனத்துக்கு அழைத்துக்கொண்டார். 1910இல், டிராம் வண்டி மோதி லாரன்ஸ் இறந்தார் என்றொரு வதந்தி எழுந்தது. அது பொய்யென மறுத்து லெம்லி விளம்பரம் வெளியிட்டார். வதந்தியைக் கிளப்பியவரும் அவரே என்பது திரைவரலாற்றார் பலரின் துணிபு. பின்னர் செயிண்ட் லூயி நகரில் நேரில் தோன்றிய லாரன்ஸைக் காண மக்கள் திரண்டனர். தம் பெயரை உலகறிய அவர் ஒருமுறை இறக்கவேண்டியிருந்தது.

கார் ஓட்டுவதில் பெருவிருப்புடைய அவர், திரும்பும் திசையைப் பின்வருவோர்க்குக் காட்டும் கைகாட்டி ஒன்றை அமைத்தார். வண்டியை நிறுத்துவதை அறிவிக்கும் பலகையும் அவர் ஆக்கமே. காப்புரிமை பெறவில்லை. ஆகவே அங்கும் பெயர் நிற்கவில்லை.

படப்பிடிப்பில் நேர்ந்த தீவிபத்து அவர் உடலை முறித்தது. மீண்டு வந்தபோது திரையுலகம் வேறு முகங்களைத் தேடிப் போயிருந்தது. 1930களில் கிடைத்தவை, முன்புபோலவே பெயர் காட்டப்படாத சிறு வேடங்கள். நோயும் தளர்ச்சியும் வாட்ட, 1938 திசம்பர் 28 அன்று தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்.

ஹாலிவுட்டில் அவர் புதைகுழி ஐம்பதாண்டுக்கு மேல் கல்லின்றிக் கிடந்தது. 1991இல்தான் கல் நட்டனர். அதில் அவர் பெயரோடு, 'பயோகிராப் பெண்' என்ற அப்பழைய அழைப்பும் பொறிக்கப்பட்டுள்ளது.