மறதி நோயும் ரத்தக் குழாயும்

அல்சைமர் என்றாலே மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தைத்தான் பேசுகிறோம். ரத்தக் குழாய்களுக்கும் அதில் பெரிய பங்குண்டு. அமெரிக்காவில் கன்னியாஸ்திரீகள் பலர், இறந்தபின் தங்கள் மூளையை ஆய்வுக்குத் தர முன்வந்தார்கள். எவ்வளவு பெரிய மனசு! அவர்களை ஆராய்ந்த டேவிட் ஸ்னோடன் குழு 1997இல் வெளியிட்ட முடிவு இது: அல்சைமர் படிவுகள் இருந்தும் சிலர் கடைசிவரை தெளிவாகவே இருந்தார்கள். அதே படிவுகளோடு, மூளையின் ஆழத்தில் நுண்குழாய் அடைத்து, ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவான ஓரிரு தழும்பு விழுந்தவர்களிடமோ மறதி நோய் மிக அதிகம். அமிலாய்டு வெளியேறும் வழிகளில் ஒன்று குழாய்ச் சுவர்; அது கெட்டால் கழிவு தேங்கும். அதைக் கெடுப்பதில் முன்னால் நிற்பது ரத்தக் கொதிப்பு. "இப்போ தலைசுற்றல் இல்லையே" என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த வாரமே பிரஷர் பாருங்கள்.