கத்தி எட்டாத இடம்



எதிரணியிலே பேசின அம்மா, "ஆபரேஷனுக்குப் பயந்தவங்கதான் மாத்திரையைத் தேடுவாங்க"ன்னு ஒரே போடா போட்டுட்டாங்க. (சிரிப்பு) நுரையீரல் ரத்தக்குழாயிலே மாசக்கணக்கா தங்கிப்போகிற ரத்தக்கட்டியை வெச்சே பதில் சொல்றேன்.

கரடியூர்ல காபிப் பழம் பறிக்கிற ஒரு தாய்னு வெச்சுக்குங்க. போன வருஷம் கூடையோட ஏறின அதே மேட்டிலே, இப்போ நாலு எட்டு வெச்சா மூச்சு வாங்குது. "வயசாச்சு, ரத்தம் கம்மி, மலைக் குளிரு"ன்னு வீட்டிலே ஆளுக்கொரு காரணம். உள்ளே என்ன நடக்குது? பழைய கட்டி கரையாம, தழும்பா இறுகிக் குழாயை அடைச்சிருக்கு. அதை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளித் தள்ளி, இதயத்தோட வலப்பக்கம் ஓய்ஞ்சுபோகுது.

உண்மையை நானே சொல்லிடறேன். அடைப்பு பெரிய கிளையிலே இருந்தா, உடம்பும் தாங்கும்னா, ஆபரேஷன்தான் முதல் வைத்தியம். உடம்பை 20 டிகிரி அளவுக்குக் குளிரவெச்சு, ரத்த ஓட்டத்தையே சற்று நேரம் நிறுத்தி, தழும்பை உரிச்சு எடுக்கறாங்க. பெங்களூரு நாராயணா மருத்துவமனையிலே செய்யறாங்க. அதை வேண்டாம்னு எங்க அணி சொல்லவே இல்லை.

ஆனா ஐயா, சேலத்துல இருந்து ஏறி வர்ற 20 கொண்டை ஊசி வளைவிலே எங்கே பாறை விழுந்தாலும் இயந்திரம் வந்து தள்ளிடும். கரடியூர் ஒத்தையடிப் பாதையிலே விழுந்தா? (கைதட்டல்) அப்படித்தான், நுனிக் கிளையிலே அடைப்பு இருந்தா கத்தி எட்டாது. அங்கேதான் பலூன். தொடை வழியா மெல்லிய குழாயை விட்டு, அடைச்ச இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமா விரிக்கிறாங்க. பல தடவை போகணும். 2001லே அமெரிக்காவிலே 18 பேருக்குச் செஞ்சதை எழுதினாங்க. பலருக்கு நுரையீரல்ல நீர் கோத்துது. 2012 வாக்கிலே ஜப்பான் டாக்டர்கள் சின்ன பலூனை வெச்சு, நிதானமா செஞ்சு, அந்த வைத்தியத்துக்கு மறுபிறவி கொடுத்தாங்க.

2013லே ரியோசிகுவாட் மாத்திரை வந்தது. கட்டியைக் கரைக்காது, குழாயைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கும். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. இதெல்லாம் போக, ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை ஆயுசுக்கும் வேணும். ஆபரேஷன் பண்ணினவங்களுக்கும் அதே கதைதான்!

அந்தத் தாயைப் பார்த்து "பயந்துட்டியா"ன்னு கேட்காதீங்கம்மா. "அடைப்பு எங்கே இருக்கு? இந்த ஆபரேஷன்ல கைதேர்ந்த டாக்டர் ஸ்கேனைப் பார்த்தாரா?"ன்னு கேளுங்க. அவரே "எட்டாது"ன்னு சொன்ன பிறகு பலூனுக்குப் போனா, அது கோழைத்தனமா? நடுவர் அவர்கள் சொல்லட்டும்.