துப்பாக்கிப் பயிற்சி வேலைக்கு நான் வந்தது
(ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



கறவை மாடு, தையல், சத்துமாவு என்று எல்லாரும் பேசினார்கள். என்னைத் துப்பாக்கி பற்றிப் பேசச் சொல்லியிருக்காங்க. சிரிக்காம கேளுங்க. நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். ரெண்டு பிள்ளைகளுக்குத் தாய். மூன்று வருஷமாக எங்க ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏர் ரைபிள் சுடச் சொல்லிக் கொடுக்கிறேன்.

என் வீட்டுக்காரரின் அண்ணன் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். பட்டுப்புழு வளர்த்த கொட்டகை காலியாகக் கிடந்தது. சுடுகிற இடத்துக்கும் குறி அட்டைக்கும் 10 மீட்டர் வேண்டும், கொட்டகை அதற்கு மேலேயே நீளம். அதில் பிள்ளைகளுக்குப் பயிற்சி ஆரம்பித்தார். நான் போனது பெருக்கவும் வருகைப் பதிவு எழுதவும்தான். அவருக்கு மூட்டுவலி, ரொம்ப நேரம் நிற்க முடியாது. "நீயே பக்கத்துல நின்னு பார்த்துக்கம்மா" என்றார். அப்படித்தான் இந்த வேலைக்கு வந்தேன்.

முதல் ஒரு மாசம் அவர் என் கையில் ஒரு குண்டு கூடக் கொடுக்கவில்லை. வெறும் துப்பாக்கியைத் தூக்கி, பிடித்து, கீழே வைக்கப் பழக்கினார். உள்ளே குண்டு இருக்கோ இல்லையோ, இருக்கிற மாதிரியே நினைக்கணும். குழாய் முனை எப்பவும் அட்டைப் பக்கம்தான் பார்க்கணும். குறி வைத்து முடிகிற வரைக்கும் விரல் விசையைத் தொடக்கூடாது. அட்டைக்குப் பின்னால் என்ன இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும். எங்களுக்குப் பின்னால் இரும்புத் தகடும் மண் சுவரும், அந்தப் பக்கம் கதவே கிடையாது. சுடாத நேரத்தில் குழாய்க்குள் ஆரஞ்சு நிறக் கயிறு ஒன்று போட்டு வைப்போம். கயிறு வெளியே தெரிந்தால் உள்ளே குண்டு இல்லை என்று தூரத்திலிருந்தே தெரியும். பெரிய போட்டிகளிலும் அப்படித்தான்.

குண்டு ஈயத்தில் செய்தது. அதனால் கை கழுவாமல் ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்க விடமாட்டேன். கொட்டகைக்குள் முறுக்கு, பிஸ்கட் எதுவும் வரக்கூடாது. இந்த விஷயத்தில் மாமாவை விட நான்தான் கறார். அடுப்படி பார்க்கிறவளுக்கு இதெல்லாம் சொல்லித் தரவா வேணும்?

ரெண்டாவது துப்பாக்கி வாங்கக் குழுவில் உள்கடன் 18,000 ரூபாய் கேட்டேன். ஒரு அக்கா எழுந்துவிட்டார். அவர் தம்பி மகனுக்குச் சின்ன வயசில் குருவி சுடுகிற துப்பாக்கிக் குண்டு பட்டு ஒரு கண் போயிருந்தது. "குழுப் பணத்துல துப்பாக்கியா? இன்னும் எந்தப் பிள்ளை கண்ணு போகணும்?" என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. நான், "ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து பாருங்கக்கா, அப்புறம் முடிவு சொல்லுங்க" என்றேன். வந்தார். ஸ்டூல் போட்டு ரெண்டு மணி நேரம் பார்த்தார். அடுத்த கூட்டத்தில் அவர் சொன்னது அப்படியே தீர்மான நோட்டில் ஏறியது: துப்பாக்கி ஒரு பூட்டில், குண்டு வேறு பூட்டில், ரெண்டு சாவியும் என் இடுப்பில். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாத யாரும் உள்ளே நிற்கக்கூடாது. நான் சொல்லாமல் கோட்டைத் தாண்டக்கூடாது, அது யாராக இருந்தாலும் சரி. அதுக்குக் கீழே முதல் கையெழுத்து அந்த அக்காவுடையது.

"யாராக இருந்தாலும்" என்பதற்குச் சோதனை சீக்கிரமே வந்தது. ஊரில் செல்வாக்கான பெரியவர் ஒருவர் நாலைந்து பேரோடு பார்க்க வந்தார். மேசையில் இருந்த துப்பாக்கியைப் படக்கென்று எடுத்து, போட்டோ பிடிக்கிறவர் பக்கம் நீட்டினார். நடுவில் ரெண்டு பிள்ளைகள் நிற்கிறார்கள். கயிறு போட்டுத்தான் இருந்தது. ஆனாலும் நான் "நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன். "ஐயா, முனையைக் கீழே திருப்பி, மேசையில வைங்க" என்றேன். வைத்தார். முகம் சிவந்து போய்க் கிளம்பினார். போட்டிக்குப் போக வண்டி தருவதாகச் சொல்லியிருந்தவர் தரவில்லை. பிள்ளைகள் பஸ்ஸில்தான் போனார்கள். வீட்டிலும் ஒரு வாரம் பேச்சு வாங்கினேன். மாமா மட்டும், "நூறு குண்டு சுடக் கத்துக்கலாம், இதுதான் கஷ்டம்" என்றார்.

நிறைய பேர் லைசன்ஸ் பற்றிக் கேட்கிறீர்கள். நாங்கள் வைத்திருப்பது 4.5 மில்லிமீட்டர் குண்டு போடுகிற, 20 ஜூல் சக்திக்கு மேற்படாத காற்றுத் துப்பாக்கி. அதற்கு உரிமம் வேண்டாம். மருந்து வெடித்துச் சுடுகிற துப்பாக்கி என்றால் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தொடவே கூடாது. "மயில் விரட்ட வாங்கிக்கலாமா"ன்னு கேட்கிறவர்களை நான் சேர்த்துக்கொள்வதில்லை. மயிலைச் சுட்டால் 1972 வனவிலங்குச் சட்டத்தில் ஜெயில்தான்.

வயசாச்சே என்று யோசிக்கிறவங்களுக்கு ஒன்று. உத்தரப்பிரதேசத்தில் பாக்பத் மாவட்டம் ஜோஹ்ரி என்று ஒரு கிராமம். அங்கே சந்த்ரோ தோமர் என்ற பாட்டி பேத்திக்குத் துணையாகப் பயிற்சிக்குப் போனவர். அறுபது வயசுக்கு மேலே துப்பாக்கி பிடித்தார். அவருடைய ஓரகத்தி பிரகாஷியும் கூடச் சேர்ந்தார். ரெண்டு பேரும் முக்காடு போட்டபடியே போட்டிகளில் பதக்கம் வாங்கினார்கள், ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கும் வழிகாட்டினார்கள். 2019இல் சினிமாவே வந்தது. சந்த்ரோ பாட்டி 2021இல் கொரோனாவில் இறந்துபோனார்.

நான் கோச் கிடையாது. அதற்குத் தனிப் படிப்பு, தேர்வு எல்லாம் இருக்கு. நான் பாதுகாப்புப் பார்த்து, அடிப்படை சொல்லித் தருகிறவள். இப்போது 14 பிள்ளைகள், அதில் 9 பேர் பெண்கள். மாசம் 300 ரூபாய் ஃபீஸ். கடனை அடைத்துவிட்டேன். ரைபிள் அட்டையில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி, பேனா முனை வைத்த மாதிரி இருக்கும். அதை அடித்துவிட்டு ஒரு பிள்ளை திரும்பிச் சிரிக்கும்போது கூட நான் முதலில் பார்ப்பது அதன் விரல் எங்கே இருக்கிறது என்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கொட்டகை திறந்திருக்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நீங்களும் வாங்க. ஸ்டூல் இருக்கு.