கணினியின் துடிப்பும் அதன் வேகமும்

கணினி வாங்கச் செல்வோர் முதலில் வினவுவது, ‘இதன் செயலி எத்தனை கிகாஹேட்ஸ்?’ என்பதே. கணினியின் மூளை எனத்தகும் செயலி, மணிக்கூட்டைப்போலத் துடித்துத் துடித்தே வேலைசெய்கிறது. ஒரு கிகாஹேட்ஸ் என்பது வினாடிக்கு நூறு கோடித் துடிப்பு. துடிப்பு மிகுந்தால் வேகமும் மிகும் என்று நாம் எண்ணுவது இயல்பே. ஆயினும் அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும்?

2000 ஆம் ஆண்டு நவம்பரில் இன்டெல் நிறுவனம் பென்டியம் 4 என்னும் செயலியை வெளியிட்டது. அதற்கு முந்திய பென்டியம் 3, ஒரு கட்டளையை ஏறத்தாழப் பத்துப் படிகளில் நிறைவேற்றிற்று. புதியதோ இருபது படிகளாகப் பகுத்துக்கொண்டது. இதனால் விளைந்த நன்மை யாது? நேயர்களே, சட்டை தைக்கும் கூடமொன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப்பேர் வரிசையாக அமர்ந்து, தத்தம் பங்கை முடித்து அடுத்தவரிடம் கொடுக்கின்றனர். இருபதுபேரை அமர்த்தினால் ஒவ்வொருவர் பங்கும் சிறிதாகும். கைமாறும் தாளம் விரைவாகும். அத்தாளமே கிகாஹேட்ஸ். ஆனால், முதலாமவர் வெட்டிய துணி தவறானதென்பது வரிசையின் கடைசியிலேதான் தெரியவருமாயின், இடையிலுள்ள அத்தனை சட்டைகளையும் எறிந்துவிட்டு மீண்டும் தொடங்கவேண்டும். வரிசை நீள நீள நட்டமும் பெருகும். செயலியும் அவ்வாறே. ‘இப்படியாயின் இவ்வழி, அன்றேல் அவ்வழி’ என வரும் கட்டளைகளில், விடை தெரியுமுன்னரே ஒரு வழியை ஊகித்து வேலையைத் தொடங்கிவிடுகிறது. ஊகம் பெரும்பாலும் பலிக்கும். தவறும்போதோ தொடங்கிய வேலை வீணாகிறது.

ஆகவே, ஒரே வேலையை இரு செயலிகளுக்கும் கொடுத்து, எது முந்தி முடிக்கிறதென்று பார்ப்பதே நேர்மையான ஒப்பீடு. அவ்வாறு பார்த்தபோது, 1 கிகாஹேட்ஸ் பென்டியம் 3 சில வேலைகளில் 1.5 கிகாஹேட்ஸ் பென்டியம் 4 இற்கு ஈடுகொடுத்தது. போட்டி நிறுவனமான ஏ.எம்.டி.யின் அத்லான் செயலிகளும் குறைந்த துடிப்பில் மிகுந்த வேலை செய்தன. ஆனால் வாங்குவோர் கண்ணோ எண்ணிலேயே ஊன்றியிருந்தது! எனவே 2001 இல் அந்நிறுவனம், 1.53 கிகாஹேட்ஸ் செயலியொன்றுக்கு ‘1800’ எனப் பெயர்சூட்டி விற்கலாயிற்று. வணிகரின் கெட்டித்தனத்தை என்னென்பது!

2004 இல் இன்டெல் படிகளை 31 ஆக நீட்டியது. துடிப்பு எதிர்பார்த்த அளவு ஏறவில்லை, வெப்பமே ஏறிற்று. 3.8 கிகாஹேட்ஸை எட்டிய அளவில், 4 கிகாஹேட்ஸ் செயலியை வெளியிடும் திட்டம் அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது. 2006 இல் வந்த கோர் 2 செயலிக்குப் படிகள் 14 மட்டுமே. அதன் 2.4 கிகாஹேட்ஸ் வகை, 3.8 கிகாஹேட்ஸ் பென்டியம் 4 ஐப் பெரும்பாலான வேலைகளில் முந்தியது. பழையதற்கு வகுக்கப்பட்ட வெப்ப அளவு 115 வாற்று. புதியதற்கோ 65 வாற்று.