ஒரு கோலும் பத்துக் கோலும்



ஆட்டத்தில் வென்றவனைத் தோளில் தூக்குவதும், தோற்றவனைத் தூற்றுவதும் உலக வழக்கம். இவ்விரண்டு வழக்கங்களுக்கும் ஒரே மனிதர் ஆளாவதும் உண்டு. அத்தகைய ஒருவரின் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் மௌரிசியோ ரோட்ரிகஸ். அவருடைய நாட்டார் அவரைச் செல்லமாகப் 'பிப்போ' என்று அழைப்பர். நாடு எல் சால்வடோர், தொழில் கால்பந்தாட்டம். 23ஆம் வயதில் அவர் போட்ட ஒரு கோல் ஒரு போரின் கதையோடு சேர்த்துப் பேசப்பட்டது. 36ஆம் வயதில் அவர் பயிற்றுவித்த அணி ஒரே ஆட்டத்தில் பத்துக் கோல் வாங்கியது. இவ்விரண்டுக்கும் நடுவே அவர் செய்த பணியைப் பலர் மறந்துவிட்டனர்.

முதலில் உலகப் படத்தைப் பிரித்துப் பாருங்கள். வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் இணைக்கும் ஒடுங்கிய நிலப்பகுதியில், பசிபிக் கடலோரமாக எல் சால்வடோர் இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 21,000 சதுர கிலோமீட்டர். அதன் அண்டை நாடான ஹோண்டுராஸ் பரப்பில் ஐந்து மடங்கு பெரியது. ஆனால் 1960களில் மக்கள் தொகை சிறிய நாட்டில்தான் மிகுதி. எல் சால்வடோரின் நல்ல நிலமெல்லாம் சில பெருங்குடும்பங்களின் காப்பித் தோட்டங்களாய் இருந்தன. உழுவதற்குக் காணி நிலமும் இல்லாத ஏழைகள் எல்லையைக் கடந்து ஹோண்டுராஸுக்குப் போய்க் காடு திருத்திக் குடியேறினர். 1969ஆம் ஆண்டில் இவ்வாறு குடியேறியிருந்தவர் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் என்று மதிப்பிடுகின்றனர்.

ஹோண்டுராஸிலும் நிலமற்ற உழவர் இருந்தனர். அவர்களுக்கு நிலம் வழங்கப் புகுந்த அந்நாட்டு அரசு, அந்நாட்டில் பிறந்தவர்க்கே நிலம் என்று விதித்து, எல் சால்வடோர் மக்களை வெளியேற்றத் தொடங்கியது. உடைமை இழந்த குடும்பங்கள் கூட்டம் கூட்டமாகத் தாயகம் திரும்பின. இரு நாட்டுப் பத்திரிகைகளும் பகையை மூட்டின.

இந்த வேளையில்தான் இவ்விரு நாடுகளும் 1970ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் எதிரெதிரே நிற்க நேர்ந்தது. 1969 ஜூன் 8ஆம் நாள் ஹோண்டுராஸின் தலைநகரான தெகுசிகல்பாவில் நடந்த ஆட்டத்தில் ஹோண்டுராஸ் ஒன்றுக்குச் சுழி என்று வென்றது. வந்த அணியினர் தங்கிய விடுதியைச் சூழ்ந்துகொண்டு, அவர்கள் இரவெல்லாம் உறங்க முடியாதபடி கூட்டத்தார் ஆரவாரம் செய்தனர். ஒரு வாரம் கழித்துச் சான் சால்வடோர் நகரில் அதே வரவேற்பு ஹோண்டுராஸ் அணிக்குக் கிடைத்தது. ஆட்டத்தில் எல் சால்வடோர் மூன்றுக்குச் சுழி என்று வென்றது. அக்காலத்து விதிப்படி கோல்களைக் கூட்டிப் பார்ப்பதில்லை. ஆளுக்கொரு வெற்றி என்றால் மூன்றாவது ஆட்டம் உண்டு. அது பொது இடமான மெக்சிகோ நகரத்தில், அஸ்டெகா அரங்கில், ஜூன் இறுதியில் நடைபெற்றது.

தொண்ணூறு நிமிடம் முடிந்தபோது இரண்டுக்கு இரண்டு. மிகை நேரத்தில் ஆட்டம் தொடர்ந்தது. நூற்றோராவது நிமிடத்தில் ரோட்ரிகஸ் பந்தை வலைக்குள் செலுத்தினார். எல் சால்வடோர் மூன்றுக்கு இரண்டு என வென்றது. அதே நாட்களில் எல் சால்வடோர் அரசு அண்டை நாட்டுடன் தூதரக உறவை முறித்துக்கொண்டது. ஜூலை 14ஆம் நாள் அதன் படைகள் ஹோண்டுராஸுக்குள் புகுந்தன. அமெரிக்க நாடுகள் அமைப்பின் முயற்சியால் போர் சுமார் நூறு மணி நேரத்தில் நின்றது. அதற்குள் மாண்டவர் ஈராயிரவர்க்கும் மேற்பட்டோர் என்பர்; அவர்களுள் படைக்கலம் ஏந்தாத எளிய மக்களே மிகப் பலர். வீடிழந்து அலைந்தவரோ பல்லாயிரவர்.

இந்தப் போருக்கு உலகப் பத்திரிகைகள் 'கால்பந்துப் போர்' என்று பெயரிட்டன. போலந்து நாட்டுச் செய்தியாளர் ரிஷார்ட் கபுஷின்ஸ்கியின் நூலால் அப்பெயர் மேலும் பரவியது. பெயர் கேட்பதற்குச் சுவையானதே. ஆயினும் அது உண்மையை மறைக்கிறது. நிலத்தைப் பங்கிடாத பெருநிலக்கிழாரையும், ஏழையை விரட்டிய அரசையும், படையை ஏவியவரையும் அப்பெயர் தப்பவிட்டுவிடுகிறது. பந்தை உதைத்த இளைஞரைக் கூண்டில் நிறுத்துகிறது. அந்தக் கோல் விழாமற்போயிருந்தாலும் எல்லையில் குவிந்த அகதிகள் குவிந்தே இருந்திருப்பர். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2019இல், செய்தியாளர் கேட்டபோது ரோட்ரிகஸ் இதைத் தெளிவாகவே சொன்னார். அந்தக் கோல் தமக்கு என்றும் விளையாட்டுப் பெருமையே என்றும், அவ்வெற்றியை ஆட்சியாளரும் அரசியலாரும் தம் நாட்டின் புகழுக்குப் பயன்படுத்திக்கொண்டனர் என்றும் கூறினார்.

ஹோண்டுராஸை வென்ற அணி அடுத்து ஹைட்டியையும் வென்று, 1970இல் மெக்சிகோவில் நடந்த உலகக் கோப்பையில் ஆடியது. பெல்ஜியம், மெக்சிகோ, சோவியத் ஒன்றியம் ஆகிய மூன்று அணிகளிடமும் தோற்றது. வாங்கிய கோல் ஒன்பது, போட்டது ஒன்றுமில்லை. அந்த அணியிலும் ரோட்ரிகஸ் இருந்தார். பெரிய அரங்கில் தம் நாட்டு ஆட்டத்துக்கு என்ன குறை என்பதைக் களத்தில் நின்றே அவர் கண்டார். அந்த அறிவோடு பின்னாளில் பயிற்சியாளரானார்.

அவரிடம் தேசிய அணி வந்த காலம் மிகக் கொடியது. 1980 மார்ச்சில் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ வழிபாடு நடத்திக்கொண்டிருந்தபோதே சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டில் மூண்ட உள்நாட்டுப் போர் 1992 வரை ஓயவில்லை. ஏறத்தாழ 75,000 பேர் அதில் மாண்டனர். உயிருக்கே உறுதியில்லாத நாட்டில் ஓர் அணியைத் திரட்டிப் பயிற்றுவிப்பதை எண்ணிப் பாருங்கள்.

1981 நவம்பரில் தகுதிச் சுற்றின் இறுதிப் போட்டிகள் நடைபெற்றன. எங்கே தெரியுமா? அதே தெகுசிகல்பாவில்! ஆறு நாடுகள் ஆடின, இரண்டுக்கே இடம். முதல் ஆட்டத்தில் கனடாவிடம் ரோட்ரிகஸின் அணி தோற்றது. அடுத்து, வலிமை வாய்ந்த மெக்சிகோவை ஒன்றுக்குச் சுழி என்று வென்றது. ஹோண்டுராஸோடும் கியூபாவோடும் கோலின்றிச் சமன் செய்தது. ஹைட்டியை ஒரு கோலால் வென்றது. ஐந்து ஆட்டங்களில் போட்ட கோல் இரண்டு. வாங்கிய கோல் ஒன்றே ஒன்று. தற்காப்பில் இத்துணை உறுதியாக அந்த அணி அன்று நின்றது.

ஆயினும் முடிவு அவர்கள் கையில் இல்லை. கடைசி ஆட்டத்தில் மெக்சிகோ ஹோண்டுராஸை வென்றால் எல் சால்வடோருக்கு இடமில்லை. ஹோண்டுராஸோ முன்பே தகுதி பெற்றுவிட்டது. வென்றாலும் தோற்றாலும் அதற்கு இழப்பொன்றுமில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தன் மண்ணில் படை செலுத்திய நாட்டைப் பழிவாங்க வேண்டுமென்றால் ஆட்டத்தைத் தளர விட்டிருந்தாலே போதும். ஹோண்டுராஸ் வீரர்கள் தளர விடவில்லை. நவம்பர் 22ஆம் நாள் ஆட்டம் கோலின்றிச் சமனில் முடிந்தது. இரு பழைய பகை நாடுகளும் ஒருங்கே ஸ்பெயினுக்குப் புறப்பட்டன. போருக்குக் கால்பந்தின் பெயரைச் சூட்டியவர்கள் இந்த ஆட்டத்துக்கு ஒரு பெயரும் சூட்டவில்லை.

1982 ஜூன் 15ஆம் நாள், ஸ்பெயினில் எல்சே நகரில், எல் சால்வடோர் ஹங்கேரியைச் சந்தித்தது. 22 பேரைக் கொண்டுவர விதி இடந்தந்தும், வந்தவர் 20 பேரே. ஆட்டத்துக்குச் சில நாட்கள் முன்புதான் நெடும்பயணம் முடித்து வந்து சேர்ந்திருந்தனர். கோல் காவலர் லூயிஸ் குவேரா மோராவுக்கு வயது 20. இடைவேளையில் மூன்றுக்குச் சுழி, பிறகு ஐந்து. அப்போது பல்தசார் ராமிரெஸ் சபாத்தா ஒரு கோல் போட்டார். உலகக் கோப்பையில் அந்நாட்டின் முதற்கோல் அது! அவர் துள்ளிக் குதித்து மகிழ்ந்தார். அதன்பின் ஹங்கேரியர் மேலும் ஐந்து கோல் போட்டனர்; மாற்று ஆளாக இறங்கிய லாஸ்லோ கிஷ் ஏழே நிமிடத்தில் மூன்று கோல் போட்டார். முடிவு பத்துக்கு ஒன்று. 2022ஆம் ஆண்டுப் போட்டி வரையிலும் உலகக் கோப்பையில் வேறெந்த அணியும் ஓர் ஆட்டத்தில் பத்துக் கோல் வாங்கியதில்லை.

பலர் இந்த இடத்தோடு கதையை முடித்துவிடுவர். நாம் இன்னும் எட்டு நாள் பொறுத்துப் பார்ப்போம். நான்காம் நாள் அதே அணி பெல்ஜியத்தை எதிர்த்தது. முன்னைய உலகக் கோப்பையை வென்ற அர்ஜெண்டினாவை முதல் ஆட்டத்திலேயே வீழ்த்தியிருந்த அணி பெல்ஜியம். அதனிடம் எல் சால்வடோர் ஒரே கோலால் தோற்றது. ஜூன் 23ஆம் நாள், மரடோனா ஆடிய அர்ஜெண்டினாவிடம் இரண்டு கோலால் தோற்றது. அவற்றுள் ஒன்று தண்டனை உதையால் வந்தது. உலகமே நகைத்த பின் எட்டே நாளில் இருமுறை களமிறங்கி, இவ்வளவு உறுதியாக நிற்பது எளிய செயலா? அந்த அணியில் ஆடிய 'மாகிக்கோ' கொன்சாலஸ், ஸ்பெயின் நாட்டுக் காடிஸ் கழகத்தில் சேர்ந்து பெரும்புகழ் ஈட்டினார்.

நண்பர்களே, உங்களுக்கும் மதிப்பெண் பட்டியல் உண்டு; பள்ளிகளுக்கிடையே பந்தயங்களும் உண்டு. ஆட்டத்தின் முடிவை ஆட்டத்தின் முடிவாகவே படிக்கப் பழகுங்கள். மூன்றுக்கு இரண்டு என்பது ஓர் அணி ஒரு கோல் கூடப் போட்டது என்று சொல்கிறது. ஓர் இனம் மற்றோர் இனத்தினும் உயர்ந்தது என்று சொல்லவில்லை. பத்துக்கு ஒன்று என்பது அன்றைய ஆட்டம் கைவிட்டுப் போயிற்று என்று சொல்கிறது. ஆடியவர் வாழ்நாள் முழுதும் தலைகுனிய வேண்டும் என்று சொல்லவில்லை. முடிவில் இல்லாத பொருளை அதன்மேல் ஏற்றுகிறவர் எப்போதும் களத்துக்கு வெளியேதான் நிற்கிறார். அவர் ஏன் ஏற்றுகிறார், அதனால் அவருக்கு என்ன ஊதியம் என்று கேளுங்கள்.

ஹோண்டுராஸும் எல் சால்வடோரும் 1980 அக்டோபரில் அமைதி உடன்படிக்கை செய்துகொண்டன. எல்லைத் தகராற்றில் எஞ்சியதை அனைத்துலக நீதிமன்றம் 1992 செப்டம்பரில் தீர்த்து வைத்தது. பந்தாட்டம் மூட்டியதாகச் சொல்லப்பட்ட வழக்கை நில அளவைப் படங்களையும் பழைய ஆவணங்களையும் பார்த்தே நீதிபதிகள் முடித்தனர். அந்த வழக்கில் ரோட்ரிகஸின் கோலைப் பற்றி யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.